அம்மன் காலடியில் என் மாத்திரை

எனக்குக் குடலில் நோய். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. கேட்கிறவர்கள்தான் மூக்கைச் சுளித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்புவார்கள். திரும்பட்டும். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை சொம்பும் கையுமாக ஏரிக்கரைக்கு ஓடியவள் நான், அவர்கள் இல்லை. வேலிக்காத்தான் புதர் மறைவில் உட்கார்ந்து, ரத்தமும் சளியுமாகப் போவதைப் பார்த்துப் பயந்து அழுதவளும் நான்தான். இதில் மூக்கைச் சுளிக்க அவர்களுக்கு என்ன இருக்கிறது?

என் பெயர் இருசம்மாள். குலதெய்வத்தின் பெயர். பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் நான் இருசு. ரிஷிவந்தியத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அப்பா கொளஞ்சியப்பன், அம்மா தைலம்மாள். இருவருக்கும் கூலி வேலை. நடவு இருந்தால் நடவு, கரும்பு வெட்டு இருந்தால் கரும்பு வெட்டு. அதுபோக நாலு ஆடு. அரசாங்கம் கட்டிக்கொடுத்த கக்கூஸ் ஒன்று வீட்டுக்குப் பின்னால் இருந்தது. அதில் தண்ணீர் இல்லை, விறகு இருந்தது.

ஏழாம் வகுப்பில் ஆரம்பித்த வயிற்று வலி. பூச்சி மருந்து கொடுத்தார்கள். குடலேற்றம் என்று சொல்லி எண்ணெய் தடவித் தட்டினார்கள். மந்திரித்த கயிறு கட்டினார்கள். நான் எலும்பும் தோலுமாக ஆனபிறகுதான் அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அங்கே ஒரு டாக்டரம்மா குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, குடல் முழுக்கப் புண், இது தொத்துவியாதி இல்லை, வாழ்நாள் பூராவும் மருந்து சாப்பிட வேண்டும் என்றார். அப்பாவின் முகத்தில் ஒன்றும் புரிந்த மாதிரி தெரியவில்லை. டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தார்.

"உடம்புக்குள்ள திருடன் வராம பாத்துக்க ஒரு நாய் இருக்குன்னு வச்சுக்குங்க. எல்லார் உடம்புலயும் இருக்கு. உங்க பொண்ணோட நாய்க்குப் புத்தி பிசகிப்போச்சு. திருடனை விட்டுட்டு வீட்டுப் பிள்ளையவே கடிக்குது. இந்த மாத்திரைதான் அதுக்குச் சங்கிலி. தினமும் கட்டணும். நீங்களா அவிழ்க்கக் கூடாது."

அது அப்பாவுக்குப் புரிந்தது. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் வேலையிலிருந்து வந்து, கால் கழுவுவதற்கு முன்னால் அவர் கேட்கிற முதல் கேள்வி, "நாயக் கட்டுனியா?" என்பதுதான். நானும், "கட்டிட்டேன்பா" என்பேன். என் குடலும் அடங்கியது. நான் சதை போட்டேன். சண்டை போடுகிற அளவுக்குத் தெம்பும் வந்தது.

நான் பத்தாவது படிக்கும்போது கொரோனா வந்தது. பரீட்சைக்கு விழுந்து விழுந்து படித்துக்கொண்டிருந்தேன். ஊரையெல்லாம் அடைத்துவிட்டார்கள். எங்கள் ஊர்ப் பையன்கள் அதற்கும் ஒருபடி மேலே போய், வேலிக்காத்தான் முள்ளை வெட்டி இழுத்து வந்து ஊருக்குள் வருகிற ஒரே ரோட்டின் குறுக்கே போட்டார்கள். அப்பாவுக்கு வேலை இல்லை. பக்கத்து வீட்டு டிவிதான் கதி. அந்த டிவியில் பொழுது விடிந்தால் பொழுது போனால் எதிர்ப்பு சக்தி, எதிர்ப்பு சக்தி. அதை ஏற்ற இஞ்சி சாப்பிடு, மிளகு சாப்பிடு, மஞ்சள் சாப்பிடு. பஞ்சாயத்திலிருந்து வந்து அண்டா அண்டாவாகக் கசாயம் ஊற்றிவிட்டுப் போனார்கள்.

அப்பா ஒருநாள் என் மாத்திரை டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருசு, இந்த மாத்திர அந்த எதிர்ப்பு சக்தியக் கம்மி பண்றதுதான?"

"ஆமாம்பா. அதுக்குத்தான் குடுக்கறாங்க."

"அப்ப திருடன் ஊருக்குள்ள பூந்துட்டான்னு எல்லாரும் கத்திக்கினு இருக்கற நேரத்துல, நம்ம வூட்ல மட்டும் நாயக் கட்டிப் போட்டு வெச்சிருக்கோமா? எவனாவது பண்ணுவானா இத? அவுத்துல்ல வுடணும்?"

டாக்டரம்மா சொன்னதை வைத்தே டாக்டரம்மாவை மடக்கிவிட்டார் என் அப்பா! எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

சித்திரையில் எங்கள் ஊர் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுவார்கள். கட்டியபிறகு, அதை அவிழ்க்கிற வரை ஊர்க்காரர்கள் வெளியூரில் தங்கக் கூடாது. அந்த வருஷம் திருவிழாவுக்கே தடை. ஊர்ப் பெரியவர் காசிநாதன், எனக்குப் பெரியப்பா முறை, ஒரு யோசனை சொன்னார். மேளம் வேண்டாம், தேர் வேண்டாம், காப்பு மட்டும் கட்டிவிடுவோம். எப்போதும் பூசாரி கையில் மட்டும் கட்டுவதை இந்தத் தடவை ஊரில் எல்லோர் கையிலும் கட்டுவோம். வியாதி ஒழிகிற வரை அவிழ்க்க வேண்டாம், யாரும் எல்லையையே தாண்ட வேண்டாம். எல்லோருக்கும் அது நல்லதாகத்தான் பட்டது. மஞ்சள் தடவிய கயிற்றை என் கையிலும் கட்டினார்கள். நானும் கையை நீட்டினேன்.

எங்கள் ஊரில் வேண்டிக்கொள்கிறவர்கள் மஞ்சள் துணியில் காசை முடிந்து அம்மன் காலடியில் வைப்பார்கள். வேண்டியது நடந்தபிறகு, முடிந்தவர் கைதான் அதை அவிழ்க்க வேண்டும். நடுவில் தொட்டால் தெய்வக் குற்றம். காப்புக் கட்டிய அன்றைக்கு அப்பாவும் ஒரு முடிச்சு வைத்தார். சாயங்காலம் டப்பாவைத் திறந்தேன், காலியாக இருந்தது. அவர் முடிந்தது காசை இல்லை. என் மாத்திரையை. ஒரு அட்டை விடாமல் மொத்தத்தையும்.

"ஆத்தா பாத்துக்கும்மா" என்றார்.

"நீ யாரக் கேட்டு எடுத்த?"

"நீ செத்துப் போயிடுவன்னு பயமா இருக்குடி." அப்பா அழுதார். "டிவில காட்றான், பொணத்த பிளாஸ்டிக்ல சுத்திக் குழில தள்றான். மூஞ்சியக்கூடப் பாக்க வுட மாட்டன்றான்."

நான் கத்திய கத்தலில் ஆடுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு சுற்றின. அம்மாவும் அவர் பக்கம். "ஆத்தாகிட்ட வெச்சத எடுக்கக் கூடாது இருசு" என்று ஒரே பாட்டு. கோயிலுக்கு இரும்புக் கம்பிக் கதவு போட்டுப் பூட்டிவிட்டார்கள். சாவி பூசாரி சின்னக்கண்ணு மாமாவின் இடுப்பில்.

முதல் இரண்டு வாரம் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதுதான் கொடுமை. "பாத்தியா?" என்றார் அப்பா தினமும், ஏதோ அவரே மருந்து கண்டுபிடித்த மாதிரி. எனக்கே கொஞ்சம் சந்தேகம் வந்துவிட்டது, ஒருவேளை சரியாகிவிட்டதோ என்று.

அக்னி வெயிலில் நாய் எழுந்தது. முதலில் வலி. பிறகு சொம்பு. இரண்டு தடவை நான்காகி, நான்கு எட்டாகி, கடைசியில் எண்ணுவதையே விட்டுவிட்டேன். பழையபடி ரத்தம். ஏரிக்கரைக்கும் வீட்டுக்கும் நடக்கவே பொழுது சரியாக இருந்தது. வயிற்றுப்போக்கும் கொரோனாவுக்கு ஒரு அறிகுறி என்று எந்தப் புண்ணியவானோ டிவியில் சொல்லிவைக்க, ஊருக்கு அது போதாதா? நான் தெருவில் வந்தால் கதவைச் சாத்தினார்கள். காசிநாதன் பெரியப்பா எட்டத்தில் நின்று, "புள்ளய வூட்டுக்குள்ளயே வெச்சுக்கடா கொளஞ்சி" என்றார். வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டால் நான் எங்கே போவதாம்? அதை யோசிக்க அவருக்கு நேரமில்லை.

அப்போதுதான் பூமாலை போன் பண்ணினாள். பூமாலை கல்வராயன் மலைக்காரி, எனக்கு இரண்டு வயது சின்னவள். பாண்டிச்சேரி வார்டில் பக்கத்துப் படுக்கை. அவளுக்கும் இதே நோய். அவள் ஊரில் சிக்னல் கிடையாது. அப்பாவின் போனை எடுத்துக்கொண்டு, மரவள்ளிக் காட்டைத் தாண்டி, ரோடு வளைகிற இடத்துக்கு வந்துதான் பேசுவாள். எங்கள் இருவருக்கும் நலம் விசாரிப்பே வேறு.

"எத்தன வாட்டிக்கா?"

"கேக்காத. உனக்கு?"

"ஒண்ணு. ஏன்க்கா, உனக்கு இன்னா ஆச்சு?"

சொன்னேன்.

"மாத்திரைய சாமிகிட்ட குடுத்துட்டு நீ வவுத்தப் புடிச்சிக்கினு குந்தியிருக்கியா? லூசாக்கா நீ? எங்க வூட்ல டிவியே இல்ல. நான் பாட்டுக்கு முழுங்கிக்கினு இருக்கேன். எனக்கும் மாத்திர தீரப் போவுது, இன்னா பண்றதுன்னு கேக்கத்தான் போன் போட்டேன். டாக்டரம்மாவக் கூப்புடு. இப்பவே கூப்புடு!"

என்னைவிடச் சின்னவள், என்னைத் திட்டுகிறாள். திட்டியதில் ஒரு தப்பும் இல்லை. பாண்டிச்சேரி எல்லையை மூடியிருந்தாலும், பழைய நோயாளிகளை டாக்டர்கள் போனிலேயே கேட்டு மருந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். விடாமல் போன் அடித்ததில் டாக்டரம்மாவே எடுத்தார். நான் சொல்லச் சொல்ல அவர் குரல் மாறியது.

"யார் நிறுத்தச் சொன்னது?"

"எங்கப்பா, டாக்டர்."

"ஸ்பீக்கர்ல போடு."

போட்டேன். அப்பா சுவர் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஐயா, நாங்களும் இதப் பத்திப் பயந்தவங்கதான். ஆனா இதுவரைக்கும் பாத்ததுல, இந்த மாத்திரை சாப்பிடற பிள்ளைங்களுக்குக் கொரோனா அதிகமா வந்து மோசமாகல. மருந்த நிறுத்தி நோய் கிளம்பினாத்தான் ஆபத்து. உங்க பொண்ணுக்கு அதுதான் நடந்துகிட்டிருக்கு. இன்னைக்கே மாத்திரைய ஆரம்பிக்கணும். அது மட்டும் போதாது, ரத்தம் பாக்கணும், வேற ஒரு மருந்தும் கொஞ்ச நாளைக்குக் கொடுக்கணும். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நான் அங்க பேசிடறேன். தள்ளிப் போடாதீங்க, குடல் ஓட்டையாயிடும்."

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஆத்தா காலடியில முடிஞ்சி வெச்சிட்டேம்மா. நடுவுல எடுத்தா ஆத்தா புள்ளய எடுத்துக்கும்."

டாக்டரம்மாவுக்கு அது புரிந்ததோ என்னவோ. "இருசம்மா, உனக்குப் புரியுதா?" என்று மட்டும் கேட்டார். புரிகிறது என்றேன்.

ஊருக்குக் காய்கறி கொண்டுவந்தவர் ஜான் பாஷா. தியாகதுருகத்தில் மளிகைக் கடை வைத்திருந்தார். ஊரடங்கு பாஸ் வாங்கி வைத்துக்கொண்டு குட்டியானை வேனில் ஊர் ஊராகப் போவார். எங்கள் ஊரில் முள்ளுக்கு வெளியே வண்டியை நிறுத்தி, மூட்டைகளைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார். உள்ளே இருந்து பையன்கள் கொக்கி போட்டு இழுத்துக்கொள்வார்கள். ரோட்டில் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருக்கும். ஊரே ஆளுக்கொரு வட்டத்தில் நிற்கும். மாரியம்மன் கோயிலும் அந்த எல்லையில்தான், முள்ளுக்கு இந்தப் பக்கம்.

மறுநாள் காலையில் குட்டியானையின் ஹாரன் கேட்டதும் நான் எழுந்தேன். எழுந்ததும் கண் இருட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா என்னையே பார்த்தாள். முந்தின நாள் முழுக்க என் துணியைத் துவைத்தவள் அவள்தான்.

"எங்கடி போற?"

"என் மாத்திரைய எடுக்க."

"கோயிலு பூட்டியிருக்குதே."

"கம்பிக் கதவுதானே."

அம்மா கூரையில் செருகியிருந்த தொரட்டியை உருவினாள். ஆட்டுக்குத் தழை பறிக்கிற நீளக் கழி, முனையில் கொக்கி. அதை என் கையில் கொடுத்துவிட்டு எனக்குப் பின்னாலேயே நடந்தாள். அவள் என் பக்கம் வந்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. அதில் பாதித் தெம்பு வந்துவிட்டது.

தொரட்டியோடு நான் வருவதைப் பார்த்ததும் வட்டத்தில் நின்றவர்கள் எல்லாம் வட்டத்தை மறந்து பின்னால் நகர்ந்தார்கள். நான் நேராகக் கோயிலுக்குப் போனேன். கம்பி வழியாகப் பார்த்தால் அம்மன் காலடியில் ஏழெட்டு மஞ்சள் முடிச்சு. சின்னச் சின்னதாக எல்லாம் காசு. ஒன்று மட்டும் பெரிதாக, கோணல்மாணலாக. என்னுடையது.

"ஏ இருசு! இன்னா பண்ற?" பூசாரி சின்னக்கண்ணு மாமா ஓடிவந்தார்.

"கதவத் தொற மாமா. என் மருந்து உள்ள இருக்கு."

"நீ உள்ள வரக் கூடாதும்மா. ரத்தம் போற உடம்பு."

"குடல்லருந்து போற ரத்தம் மாமா. புண்ணு. உனக்குக் கால்ல வெட்டிக்கினா நீ பூச பண்ண வர மாட்டியா?"

கூட்டத்தில் யாரோ, "ஐயே, இத்தயெல்லாம் நடுத்தெருவுல சொல்லுதே" என்றார்கள். ஆமாம், சொல்லும்.

"சரி, நான் உள்ள வரல" என்றேன். தொரட்டியைக் கம்பிக்குள் விட்டேன். முதல் தடவை கொக்கி விளக்கில் பட்டு எண்ணெய் கொட்டியது. "ஐயோ ஐயோ" என்று ஒரு சத்தம் பின்னால். இரண்டாவது தடவை முடிச்சில் மாட்டியது. மெதுவாக இழுத்தேன். அம்மன் முகத்தை ஒரு தடவை பார்த்தேன். எப்போதும்போல முட்டைக் கண்ணை விழித்துக்கொண்டு சும்மாதான் இருந்தாள். தடுக்கவில்லை.

முடிச்சு என் கைக்கு வந்துவிட்டது.

"அவுக்காத!" காசிநாதன் பெரியப்பாவுக்குக் குரல் உடைந்தது. கோபம் இல்லை, பயம். "ஊரே காப்புக் கட்டியிருக்கோம். முடிஞ்சவன் கையாலதான் அவுக்கணும், அதுவும் வேண்டுதல் முடிஞ்சப்புறம். ஊருக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யாரு பொறுப்பு?"

அப்பா அதற்குள் வந்திருந்தார். நான் அவரிடம் போய் முடிச்சை நீட்டினேன்.

"நீதான முடிஞ்ச? நீயே அவுத்து வுடு."

அவர் கை மேலே வந்தது. முடிச்சைத் தொட்டது. பிறகு கீழே போய்விட்டது. "என்னால முடியலம்மா" என்றார். "நான் அவுத்து உனக்கு ஒண்ணு ஆயிடுச்சின்னா?"

"அவுக்காமயே ஆயிக்கினுதான இருக்கு! என்னப் பாருப்பா. நல்லாப் பாரு. திருடன் இன்னும் வரவே இல்ல. உன் நாயி என்னத் தின்னுக்கினு இருக்கு."

அப்பா பார்த்தார். பார்த்தாரே தவிர, கை வரவில்லை. அவர்மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. பாவமாகவும் இருந்தது. இரண்டுக்கும் நேரமில்லை, அடிவயிறு முறுக்கத் தொடங்கிவிட்டது. முடிச்சை வாயில் வைத்துப் பல்லால் கடித்து இழுத்தேன். வாயெல்லாம் மஞ்சள், குங்குமம், விளக்கு எண்ணெய். துணி கிழிந்தது. அட்டைகள் மண்ணில் விழுந்தன. குனிந்து பொறுக்கி, ஒரு மாத்திரையைப் பிதுக்கி, தண்ணீர் இல்லாமலே எச்சிலைக் கூட்டி விழுங்கினேன். எல்லோரும் பார்க்கும்படி வாயைத் திறந்து காட்டினேன்.

"ஆத்தாளுக்கு என்மேல கோவம் இருந்தா என்கிட்டயே சொல்லட்டும். ஊருக்கு எதுவும் ஆவாது. பயப்படாதீங்க."

நான் முள்ளுக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கத்தினேன். "பாய்! கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு என்னக் கூட்டிக்கினு போறீங்களா?"

ஜான் பாஷா முகமூடியை இறக்கி, மறுபடி ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். வெளிறிப்போய், வாயில் மஞ்சள் அப்பி, கையில் தொரட்டியோடு நின்ற என்னைப் பார்த்து யாராக இருந்தாலும் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடியிருப்பார்கள்.

"ஏறு பாப்பா" என்றார். "வண்டி காலியாத்தான் போவுது."

"பாய் வண்டியிலயா? அவுங்களாலதான் வியாதியே பரவுதுன்னு வாட்ஸப்ல..." என்று ஆரம்பித்தான் ஒரு பையன்.

"ஏண்டா, அவரு கொண்டாந்த வெங்காயத்த மட்டும் நேத்து மூக்குப் பிடிக்கத் தின்னியே, அப்ப பரவலயா?" இது அம்மா. அவன் கூட்டத்துக்குள் பின்வாங்கினான்.

ஆனால் முள் இருந்தது. ரோட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, இடுப்பு உயரத்துக்கு. தாண்ட எனக்குத் தெம்பில்லை. காப்புக் கட்டின கையால் அதை யாரும் விலக்க மாட்டார்கள் என்பதும் தெரியும். என்னை நடுரோட்டில் நிற்கவைத்துவிட்டு ஊரே ஆளுக்கொரு பக்கம் பார்த்தது.

அப்பா நடந்து வந்தார். துண்டை உதறி இடுப்பில் கட்டினார். வெறுங்கையோடு குனிந்து அடிமரத்தைப் பிடித்து இழுத்தார். வேலிக்காத்தான் முள் சும்மா விடுமா? புறங்கை, முழங்கை, நெஞ்சு, எல்லா இடத்திலும் கிழித்தது. காப்புக் கயிறு முள்ளில் சிக்கி அறுந்து தொங்கியது. காசிநாதன் பெரியப்பா, "கொளஞ்சி, வேணாம்டா" என்றார். அப்பா காதில் வாங்கவில்லை. தெய்வத்தின் முடிச்சை அவிழ்க்க முடியாத மனுஷன், ஊர் போட்ட முள்ளை ஒற்றை ஆளாக இழுத்து ஓரத்தில் தள்ளினார். ஓர் ஆள் போகிற வழி கிடைத்தது. அந்த வழியாக என்னைக் கையில் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் உட்காரவைத்து, தானும் ஏறினார்.

தியாகதுருகத்தில் போலீஸ் மறித்தது. பாஸில் ஒரு ஆள்தான், மூன்று பேர் எப்படி என்று கேள்வி. ஜான் பாஷா விளக்கிக்கொண்டிருந்தார், எனக்குத் தாங்கவில்லை. "மேடம், எனக்குக் குடல் நோய். இப்பவே போவணும். இடம் காட்டுறீங்களா, இல்ல உங்க சேர்லயே போவட்டுமா?" என்றேன். அந்தப் பெண் போலீஸ் ஒரு நிமிஷம் முழித்தார். அப்புறம் என் கையைப் பிடித்து எதிர்வீட்டுக்குக் கூட்டிப்போய், கதவைத் தட்டி, கக்கூஸைத் திறந்துவிடச் சொன்னார். கதவும் தாழ்ப்பாளும் குழாயும் உள்ள கக்கூஸ். அதற்காகவே போலீஸை வாழ்த்தினேன்.

கள்ளக்குறிச்சியில் எல்லாம் தயாராக இருந்தது. டாக்டரம்மா சொன்னபடி பேசிவைத்திருந்தார். மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள், கொரோனா இல்லை. ரத்தம் ரொம்பக் கம்மி, ஏற்றினார்கள். ஊசி போட்டார்கள். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் அறுத்துத்தான் ஆகவேண்டியிருந்திருக்கும் என்று அங்கிருந்த டாக்டர் அப்பாவிடம் சொன்னார். அப்பா ஆஸ்பத்திரி வராந்தாவில், கட்டுப்போட்ட இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, குழந்தை மாதிரி அழுதார். நான் அதற்குள் டாக்டரிடம் பூமாலை கதையை ஆரம்பித்திருந்தேன். அவள் ஊர்ப் பக்கம் வெள்ளிமலைக்குப் போகிற சுகாதார வண்டியில் அவளுக்கு மாத்திரை ஏற்பாடு ஆகிற வரை நான் அவரை விடவில்லை. "நீ நோயாளியா, வக்கீலா?" என்றார். இரண்டும்தான் என்றேன்.

ஊருக்குத் திரும்பினால் முள் மறுபடி போட்டிருந்தது. வெளியூர் போய் வந்தவர்கள் தனியாக இருக்க வேண்டும், அப்பா ஆட்டுப் பட்டியோடு இருந்துகொள்ளட்டும், எனக்குப் பதினாலு நாள் ஊர்ப் பள்ளிக்கூடம்தான் என்றார் காசிநாதன் பெரியப்பா. என்னைத் தண்டிக்கிறாராம்! அந்தப் பள்ளிக்கூடத்தில் ஓடு பதித்த கக்கூஸ் இருக்கிறது. மேலே டேங்கு, எப்போதும் தண்ணீர். நான் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "சரிங்க பெரிப்பா" என்றேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தேன் பாருங்கள், வயிறு வலித்தது. இந்த வலி பரவாயில்லை.

நான் அங்கே இருந்தபோதுதான் பத்தாவது பரீட்சை கிடையாது, எல்லோரும் பாஸ் என்று சொன்னார்கள். படித்ததெல்லாம் வீண். அந்த எரிச்சல் இன்றுவரை எனக்கு உண்டு.

ஊரில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் முடிச்சை அவிழ்த்தது தெய்வக் குற்றமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன், ஆத்தா காப்பாற்றினாள் என்றும் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாது. ஆனால் அம்மா ஒரு வேலை செய்தாள். விறகை எல்லாம் எடுத்து வெளியே எறிந்துவிட்டு, நான் வருவதற்குள் எங்கள் வீட்டுக் கக்கூஸைக் கழுவிச் சுத்தம் பண்ணி, ஒரு டிரம் நிறையத் தண்ணீர் நிரப்பி வைத்தாள்.

பள்ளிக்கூடத்தில் தனியாக இருந்த முதல்நாள் அப்பா என்னைப் பார்க்க வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. என் முகத்தில் முழிக்க வெட்கப்படுகிறார் என்று அம்மா சாப்பாட்டுத் தூக்கை வாசலில் வைத்துவிட்டுச் சொன்னாள். எனக்குக் கோபம் போய்விட்டது என்று சொல்லி அனுப்பலாமா என்று பார்த்தேன். போகவில்லையே, எப்படிச் சொல்வது? சும்மா இருந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம், வெயில் இறங்கினபிறகு, மதில் சுவருக்கு அந்தப் பக்கம் செருமுகிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அப்பா. கட்டு இன்னும் பிரிக்கவில்லை. என்னை நிமிர்ந்து பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெகுநேரம் நின்றார். எனக்கே பொறுக்கவில்லை, இன்னாப்பா என்று கேட்க வாயெடுத்தேன்.

"நாயக் கட்டுனியா?" என்றார்.

நான் ஓடிப்போய் அட்டையை எடுத்துவந்து, அவர் கண்ணெதிரே பிதுக்கி, தண்ணீர் ஊற்றி விழுங்கினேன்.

"கட்டிட்டேன்பா."